அடிமைக்கு ஏது நாள்காட்டி?

(குருத்து ஞாயிறுக்கு முந்தைய வாரம் வானொலியில் வழங்கப்பட்ட தவக்கால மறையுரையின் எழுத்து வடிவம். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி இறைமக்கள் வீட்டிலும் அன்பியங்களிலும் சேர்ந்து வாசிக்க இங்கே தரப்படுகிறது.)



நம் எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. நகைக்கடையோ ஜவுளிக்கடையோ கொடுத்திருப்பார்கள். பெரும்பாலும் அது நம் பக்கத்து ஊரான சிவகாசியில் அச்சானதாக இருக்கும். ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு வேலையை ஆரம்பிக்கிற ஊர் அது. ஆகவே நாள்காட்டி என்றால் என்ன என்பதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த ஒரு தாளுக்குள் எத்தனை காலக் கணக்குகள்! ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, இஸ்லாமியத் தேதி, திதி, நட்சத்திரம், இராகு காலம், எமகண்டம், நல்ல நேரம். நம் ஊரும் அப்படித்தான். இராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்குப் புத்தாண்டு யுகாதி. அடுத்த வீட்டுத் தமிழ்க் குடும்பத்துக்குச் சித்திரை முதல் நாள். ஒரே தெருவில் இரண்டு புத்தாண்டு. ஒன்று நிலவைப் பார்த்துப் பிறக்கிறது, மற்றது சூரியனைப் பார்த்துப் பிறக்கிறது. பள்ளிவாசல் தெருவிலோ நிலவை மட்டுமே பார்த்து மாதம் பிறக்கிறது.

சென்ற மார்ச் 19 அன்று நாம் புனித யோசேப்பு பெருவிழாவைக் கொண்டாடினோம். அன்றைக்கே யுகாதி. அன்றைய அமாவாசைக்குப் பிறகு தோன்றிய பிறையைப் பார்த்துத்தான் நம் இஸ்லாமியச் சகோதரர்கள் ரம்ஜான் பெருநாள் கொண்டாடினார்கள். இன்னொரு செய்தியும் உண்டு. அதே மார்ச் 19, யூத மக்களின் நாள்காட்டியில் நிசான் மாதம் முதல் நாள். விவிலியம் ஆண்டின் முதல் மாதம் என்று சொல்கிறதே, அந்த மாதம். அங்கிருந்து பதினான்கு நாள் எண்ணினால் பாஸ்கா வருகிறது. இந்த ஆண்டு ஏப்ரல் 1 மாலை யூதக் குடும்பங்கள் பாஸ்கா உணவுக்கு உட்காருவார்கள். மறுநாள் மாலை, பெரிய வியாழன் அன்று, நாம் ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலிக்குக் கூடுவோம். அந்த நாள்களில் வானத்தில் நிற்கப் போவது ஒரே முழுநிலவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பங்குனி உத்திரத்தன்று ஆண்டாள் திருக்கல்யாணம் நடக்கும்போது தேரடித் தெருவில் நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதும் அந்தப் பங்குனி நிலவைத்தான்.

இந்த எபிரேய நாள்காட்டி நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நாம் யூதர்கள் இல்லையே, பழைய சட்டம் முடிந்துபோயிற்றே என்று சொல்லலாம். வேறு சிலர், சனிக்கிழமையைத்தான் அனுசரிக்க வேண்டும், யூதத் திருநாள்களைத்தான் கொண்டாட வேண்டும் என்று நம் வீடுகளுக்கே வந்து சொல்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே திருச்சபை நமக்குக் காட்டும் வழி என்ன? இன்று அதைப் பற்றிச் சிந்திப்போம்.

முதலில் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். நிலவின் பன்னிரண்டு மாதங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 354 நாள்கள். சூரிய ஆண்டுக்கு இன்னும் பதினொரு நாள் வேண்டும். நிலவை மட்டும் நம்பினால் திருநாள்கள் பருவம் விட்டுப் பருவம் நகர்ந்துகொண்டே போகும். பாஸ்காவோ வசந்த காலத்தில், வாற்கோதுமை கதிர் பிடிக்கும் நேரத்தில் வர வேண்டும் என்பது கட்டளை. அதனால் யூதர்கள் பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். தெலுங்குப் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் என்று சொல்கிறார்களே, அதே ஏற்பாடுதான். அதனால்தான் நிசானும் யுகாதியும் பல ஆண்டுகளில் ஒரே நாளில் சந்தித்துக்கொள்கின்றன. நிசான் என்ற பெயர்கூட எபிரேயருக்குச் சொந்தமானதல்ல, பாபிலோனில் அடிமைகளாக இருந்தபோது கற்றுக்கொண்டது. பழைய பெயர் ஆபிபு. பச்சைக் கதிர் என்று பொருள்.

நம் உயிர்ப்புப் பெருவிழா ஏன் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறுகிறது என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். இதுதான் காரணம். கிறிஸ்து பிறப்பு டிசம்பர் 25-ஐ விட்டு நகர்வதில்லை. உயிர்ப்புப் பெருவிழாவோ நிலவோடு நடக்கிறது. மார்ச் 21-லோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்பது நம் கணக்கு. 325-ஆம் ஆண்டு நிசேயா பொதுச்சங்கத்தில் கூடிய ஆயர்கள், எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்தச் சங்கத்தின் 1700-ஆம் ஆண்டு நினைவு வந்த 2025-இல், கீழைத் திருச்சபைகளும் நாமும் ஏப்ரல் 20 அன்று ஒன்றாகவே உயிர்ப்பைக் கொண்டாடினோம். இந்த ஆண்டு நமக்கு ஏப்ரல் 5, கீழைச் சபையினர் பலருக்கு ஏப்ரல் 12. ஆக, யூத மக்களின் பாஸ்கா நிலவு இன்றும் நம் திருவழிபாட்டு ஆண்டுக்குள் ஒளி வீசிக்கொண்டிருக்கிறது. சாம்பல் புதன் எப்போது, பெந்தக்கோஸ்து எப்போது என்பதையெல்லாம் அந்த நிலவுதான் தீர்மானிக்கிறது.

இனி விடுதலைப் பயண நூலுக்கு வருவோம். பெரிய வியாழன் முதல் வாசகமாக அதன் பன்னிரண்டாம் அதிகாரத்தைக் கேட்கப் போகிறோம். ஆட்டுக்குட்டி, இரத்தம், கதவு நிலை, புளிப்பற்ற அப்பம் எல்லாம் நமக்கு நினைவிருக்கும். ஆனால் அந்த அதிகாரத்தில் கடவுள் முதலாவதாகச் சொல்வது ஆட்டைப் பற்றி அல்ல, மாதத்தைப் பற்றி. இந்த மாதமே உங்களுக்கு ஆண்டின் தொடக்கமாக இருக்கட்டும் என்று மோசேயிடமும் ஆரோனிடமும் சொல்கிறார். அது எங்கே சொல்லப்பட்டது? செங்கடலைக் கடந்த பிறகா? சீனாய் மலையிலா? இல்லை. எகிப்து நாட்டிலேயே. இன்னும் அவர்கள் அடிமைகளாக இருக்கும்போதே. செங்கல் சூளையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கடவுள் அவர்கள் கையில் ஒரு நாள்காட்டியைக் கொடுக்கிறார்.

ஏன்? அடிமைக்கு ஏது நாள்காட்டி? அவனுக்கு இன்று திங்களா, செவ்வாயா என்பது முக்கியமல்ல. இன்றைக்கு எத்தனை செங்கல் என்பதுதான் அவனுடைய கணக்கு. அவனுடைய நாள் அவனுக்குச் சொந்தமில்லை. ஐந்தாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். மோசே பார்வோனிடம் முதலில் என்ன கேட்கிறார்? ஆண்டவருக்கு விழாக் கொண்டாட எங்களை அனுப்பும், மூன்று நாள் வழி பாலைநிலத்துக்குப் போய் வருகிறோம் என்கிறார். கேட்டது விடுமுறை! பார்வோன் என்ன பதில் சொன்னான்? இவர்கள் சோம்பேறிகள், வேலை குறைவாக இருப்பதால்தான் இப்படிக் கேட்கிறார்கள் என்றான். வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினான். செங்கல் எண்ணிக்கையை மட்டும் குறைக்கவில்லை. விடுதலை வரலாற்றின் முதல் மோதலே ஒரு விழா நாளைப் பற்றியதுதான்.

இதைக் கேட்கும்போது நமக்கு ஒன்றும் அந்நியமாகத் தெரியவில்லை. 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊர் பஞ்சாலை ஊர். மூன்று ஷிப்டில் ஓடும் ஆலைகள். சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். தறிச் சத்தம் கேட்காத தெருவில் நம் மக்களுக்குத் தூக்கம் வராது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். உழைப்பு நமக்குப் பெருமை. புனித யோசேப்பு உழைப்பாளியாகவே நமக்குப் பாதுகாவலர். உழைப்பைக் கடவுள் சபிக்கவில்லை. ஆனால் ஓய்வே இல்லாத உழைப்பை அவர் எகிப்து என்கிறார்.

இன்னொரு விதமான எகிப்தும் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஆசீர்வாதம் செய்யப் போயிருந்தேன். சுவரில் இருந்த மாதக் காலண்டரில் பேனாவால் பல வட்டங்கள் போட்டிருந்தார்கள். திருநாள்களோ, பிள்ளைகளின் பிறந்த நாளோ என்று நினைத்தேன். வீட்டம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தவணை நாள் சாமி. செவ்வாய் ஒரு குழு, வியாழன் ஒரு குழு, மாசம் பத்தாந்தேதி நகைக்கு வட்டி." செவ்வாய் வந்தால் பயம், வியாழன் வந்தால் பயம். கட்ட முடியாதவர் வீட்டு வாசலில் குழுவிலுள்ள மற்ற பெண்கள் வந்து நிற்க வேண்டும். தோழிகள் கடன்காரர்களாகிவிடுகிறார்கள். அந்தச் சகோதரிக்கு வாரம் என்பது ஞாயிறில் தொடங்கவில்லை, தவணையில் தொடங்கியது. சகோதர சகோதரிகளே, நம் பங்கில் எத்தனை வீட்டுக் காலண்டர் இப்படி இருக்கும்? நம் நாள்களுக்கு உரிமையாளர் யார்?

கடவுள் தந்த நாள்காட்டி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. அதிலிருந்து மூன்று காரியங்களை இன்று எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, நாள் மாலையில் தொடங்குகிறது. எபிரேயக் கணக்கில் பொழுது சாய்ந்ததும் புதிய நாள் பிறக்கிறது. தொடக்க நூலின் முதல் அதிகாரத்தில் ஒவ்வொரு நாளையும் சொல்லி முடிக்கும்போது மாலையை முதலிலும் காலையை அடுத்தும் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். நாம் காலையில் அலாரம் அடித்ததும் நாள் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறோம். அதாவது நாம் எழுந்தால்தான் உலகம் நகரும் என்ற நினைப்பு. எபிரேயருக்கோ நாளின் முதல் வேலை விளக்கேற்றிச் சாப்பிட்டுத் தூங்குவது. நாம் தூங்கும்போது கடவுள் வேலையை ஆரம்பித்துவிடுகிறார். நாம் காலையில் எழுந்து நடுவில் போய்ச் சேர்ந்துகொள்கிறோம். விதை மண்ணுக்குள் முளைப்பதும், கொய்யாத மாங்காய் முற்றுவதும், காய்ச்சல்காரக் குழந்தைக்கு வேர்வை விட்டுக் காய்ச்சல் இறங்குவதும் நம் தூக்கத்தில் நடப்பவைதானே?

திருச்சபை இந்த வழக்கத்தை விடவில்லை. அதனால்தான் சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறு திருப்பலியாகிறது. அதனால்தான் பாஸ்கா திருவிழிப்பு இரவில் நடக்கிறது. இரவு ஷிப்டு போகும் அண்ணன்மாரே, தம்பிமாரே, உங்களுக்காகவே இதைச் சொல்கிறேன். ஊர் தூங்கும்போது நீங்கள் விழித்திருக்கிறீர்கள். உங்கள் இரவும் கடவுளின் நாளுக்குள்தான் இருக்கிறது. எகிப்திலிருந்து விடுதலை வந்ததும் ஓர் இரவில்தான்.

இரண்டாவது, திருநாள் என்பது ஒரு சந்திப்பு. தொடக்க நூலில் கடவுள் சூரியனையும் நிலவையும் படைத்தபோது, காலங்களைக் காட்ட அவற்றை வைத்தார் என்று வாசிக்கிறோம். அங்கே வரும் எபிரேயச் சொல் மோஎத். குறித்துவைத்த சந்திப்பு என்று பொருள். பாலைநிலத்தில் மோசே கடவுளோடு பேசிய கூடாரத்துக்குச் சந்திப்புக் கூடாரம் என்று பெயர் இருக்கிறதே, அங்கேயும் இதே சொல்தான். அப்படியானால் கூடாரம் கடவுளைச் சந்திக்கும் இடம், திருநாள் கடவுளைச் சந்திக்கும் நேரம்.

இதை நம் காலண்டர் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இராகு காலத்தில் பொருத்தம் பேசக் கூடாது, எமகண்டத்தில் வண்டி எடுக்கக் கூடாது, அட்டமி நவமியில் கடை திறக்கக் கூடாது. நம் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் எத்தனை பேர் திருமண நாளைக் குருவானவரிடம் கேட்கும் முன்பே வேறெங்கோ கேட்டுவிட்டு வருகிறார்கள்! மற்ற சமயத்தவரின் நம்பிக்கையை நாம் இழிவாகப் பேசக் கூடாது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி மலை ஏறும் மக்களின் பக்தியையும் உடல் வருத்தத்தையும் மரியாதையோடுதான் பார்க்கிறோம். ஆனால் திருமுழுக்குப் பெற்ற நாம் நேரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. எபிரேயருக்கு அமாவாசை எக்காளம் ஊதும் நாள், புதிதாய்த் தொடங்கும் நாள். யூத மரபில் அது பெண்கள் வீட்டு வேலையிலிருந்து ஓய்வெடுக்கும் நாளாகவும் இருந்தது. சூரியனும் நிலவும் நம்மை ஆளும் தெய்வங்கள் அல்ல, நம் தந்தையின் வீட்டில் ஏற்றிவைத்த விளக்குகள். கெட்ட நேரம் என்று ஒன்றை அவர் படைக்கவில்லை.

மூன்றாவது, இந்த நாள்காட்டி ஏழு ஏழாக எண்ணுகிறது. ஏழாம் நாள் ஓய்வுநாள். பாஸ்காவிலிருந்து ஏழு வாரம் எண்ணினால் வாரங்களின் விழா, அதுதான் நாம் சொல்லும் பெந்தக்கோஸ்து. ஏழாம் மாதத்தில் பாவக்கழுவாய் நாளும் கூடாரப் பெருவிழாவும். ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு, கடனுக்கு விடுதலை. ஏழேழு நாற்பத்தொன்பது ஆண்டுகள் முடிந்து ஐம்பதாவது ஆண்டு யூபிலி. அடிமை வீட்டுக்குத் திரும்புவான், விற்ற நிலம் குடும்பத்துக்குத் திரும்பும்.

இந்த எண்ணிக்கை யாரை நோக்கிப் போகிறது என்று பாருங்கள். இணைச்சட்ட நூல் ஐந்தாம் அதிகாரத்தில், ஓய்வுநாள் கட்டளைக்குக் கடவுள் சொல்லும் காரணம்: நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய், அதை மறக்காதே. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே ஓய்வெடுக்கட்டும். மாட்டுக்கும் ஓய்வு, அந்நியனுக்கும் ஓய்வு. அதே நூலின் பதினைந்தாம் அதிகாரம் மனித மனத்தை எவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறது! ஏழாம் ஆண்டு நெருங்குகிறது, கொடுத்த பணம் திரும்பாது என்று கணக்குப் போட்டு, ஏழைச் சகோதரனுக்குக் கடன் கொடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே என்று எச்சரிக்கிறது.

இனி, அந்தக் கேள்விக்கு வருவோம். இவற்றையெல்லாம் நாம் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்க வேண்டுமா? திருத்தூதர் பவுல் கொலோசை மக்களுக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் தெளிவாகச் சொல்கிறார். விழா, அமாவாசை, ஓய்வுநாள் இவற்றை வைத்து யாரும் உங்களைத் தீர்ப்பிட வேண்டாம். இவை நிழல், உண்மையான உடல் கிறிஸ்து. ஆகவே சனிக்கிழமையை அனுசரிக்காததால் உங்களுக்கு மீட்பு இல்லை என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள். ஆண்டவர் உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாளில். அந்த ஞாயிறே நம் பாஸ்கா, வாரந்தோறும் வரும் பாஸ்கா. புனித இரண்டாம் ஜான் பால் 1998-ஆம் ஆண்டு மே 31 அன்று ஆண்டவரின் நாளைப் பற்றி ஒரு தனித் திருமடலே எழுதினார்.

ஆனால் நிழல் என்றதும் அதை மிதித்துவிட்டுப் போகலாம் என்று அர்த்தமல்ல. மலையடிவாரத் தோப்புகளில் மத்தியான வெயிலில் நடந்து வருகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது நிழல்தான். நிழலைப் பார்த்தே அங்கே மரம் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார். ஆண்டவர் இயேசு இந்த நாள்காட்டிக்குள்தான் வளர்ந்தார். பன்னிரண்டு வயதில் பாஸ்காவுக்காக எருசலேமுக்குப் போனார். கூடாரப் பெருவிழாவின் கடைசி நாளில் நின்று, தாகமாய் இருப்பவர் தம்மிடம் வரட்டும் என்று அழைத்தார். கோவில் அர்ப்பண விழாவின் குளிர்காலத்தில் சாலமோன் மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தார். பாஸ்கா நாள்களில் சிலுவையில் இறந்தார். பெந்தக்கோஸ்து நாளில் தூய ஆவியை அனுப்பினார். குறித்துவைத்த ஒவ்வொரு சந்திப்புக்கும் அவர் வந்தார்.

இந்த நாள்காட்டியை இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கும் யூத மக்களை நாம் மரியாதையோடு நினைக்க வேண்டும். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவமல்லாத சமயங்கள் பற்றிய அறிக்கை, யூதர்களைக் கடவுளால் தள்ளப்பட்டவர்களாகக் காட்டக் கூடாது என்று நமக்குக் கற்பிக்கிறது. அவர்கள் ஏதோ தொலைதூரத்து மக்கள் என்று நினைக்காதீர்கள். நம் மேற்கு மலைக்கு அந்தப் பக்கம், கொச்சி மட்டாஞ்சேரியில், 1568-இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. அதன் மணிக்கூண்டில் உரோமை எண்களும் எபிரேய எண்களும் உண்டு. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரயேல் நாட்டுக்குப் போய்விட்டார்கள். அதுவரை, வாற்கோதுமையே விளையாத கேரள மண்ணில், தென்னை மரங்களுக்கு நடுவே, பல நூறு ஆண்டுகள் அதே நிசான் நிலவில் பாஸ்கா கொண்டாடினார்கள். சில இடங்களில் புனித வாரத்தில் யூதப் பாஸ்கா உணவை நாடகம் போல நடத்திப் பார்க்கும் ஆர்வம் இருக்கிறது. அதைவிட, அந்த மக்களுக்காகச் செபிப்பதும், நம் பாஸ்காவாகிய நற்கருணையை ஆழ்ந்து கொண்டாடுவதுமே நல்லது.

சகோதர சகோதரிகளே, ஆண்டவர் நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எசாயாவின் ஏட்டைத் திறந்து, ஏழைகளுக்கு நற்செய்தி, சிறைப்பட்டோருக்கு விடுதலை, ஆண்டவரின் அருள்தரும் ஆண்டு என்று வாசித்து, இன்று இது நிறைவேறிற்று என்று சொன்னார். அது யூபிலியின் மொழி. நாமும் 2025-ஐ யூபிலி ஆண்டாகக் கொண்டாடினோம். எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று பதாகை கட்டினோம், பேராலயத்துக்குத் திருப்பயணம் போனோம். திருத்தந்தை பிரான்சிஸ் அந்த யூபிலியை அறிவித்தபோது, கட்ட இயலாத ஏழை நாடுகளின் கடன்களைச் செல்வந்த நாடுகள் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இவ்வாண்டு சனவரி 6 அன்று உரோமையில் புனிதக் கதவு மூடப்பட்டது. யூபிலி முடிந்துவிட்டது. நம் பங்கில் எந்த ஒரு கடன் சீட்டாவது கிழிக்கப்பட்டதா? எந்தச் சகோதரியின் காலண்டரிலிருந்தாவது ஒரு வட்டம் அழிந்ததா?

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இன்னும் சில நாள்களே இருக்கின்றன. செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

உங்களில் வட்டிக்குக் கொடுத்திருப்பவர்கள் இருக்கலாம். பெரிய வியாழனுக்குள் உங்கள் நோட்டைத் திறந்து பாருங்கள். முதலுக்கு மேல் வாங்கிவிட்ட கணக்கு ஒன்றாவது அதில் இருக்கும். அந்த வீட்டுக்குப் போய், முடிந்தது என்று சொல்லிவிட்டு வாருங்கள். அன்பியங்களில் கூடும்போது, யார் வீட்டுத் தவணை யாரை நெரிக்கிறது என்று வெட்கப்படாமல் பேசுங்கள். ஒரு குடும்பத்தின் ஒரு பெரிய வட்டிக் கடனைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து அடைத்துவிட்டு, வட்டியில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பெற முடியாதா? முடியும்.

தறியோ கடையோ தோப்போ வைத்து ஆள் வைத்திருப்பவர்கள், உங்களிடம் வேலை செய்பவருக்கு வாரத்தில் ஒரு நாள் கூலி பிடிக்காமல் ஓய்வு கொடுங்கள். அவர் எந்தச் சமயத்தவரானாலும் சரி. நீ ஓய்வெடுப்பது போலவே அவரும் என்பதுதான் கட்டளை.

குடும்பத் தலைவர்களே, ஞாயிறன்று கறிக்குழம்பு வேண்டும்தான். ஆனால் திருப்பலி முடிந்ததும் ஓய்வு உங்களுக்கு மட்டும், அடுப்படி உங்கள் மனைவிக்கு மட்டும் என்றால் அந்த வீட்டில் ஒருவருக்கு ஓய்வுநாள் வரவே இல்லை. காய் நறுக்குங்கள், பாத்திரம் கழுவுங்கள். சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் குடும்பமாக உட்கார்ந்து ஒரு பத்து நிமிடம் நாளைய நற்செய்தியை வாசியுங்கள். கைப்பேசிகளை ஓரமாக வையுங்கள். உங்கள் ஞாயிறு அங்கேயே தொடங்கிவிடும்.

கடனில் தவிக்கும் சகோதரியே, சகோதரனே, இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு ஒரு வார்த்தை. தவறான முடிவு எதையும் எடுக்காதீர்கள். தனியாக அதைச் சுமக்காதீர்கள். உங்கள் பங்குத்தந்தையிடமோ, அருட்சகோதரிகளிடமோ, நம்பிக்கையான ஒருவரிடமோ வாய் திறந்து சொல்லுங்கள். இஸ்ரயேல் மக்கள் செங்கல் சூளையில் நின்றுகொண்டிருந்தபோதே கடவுள் அவர்களுக்குப் புதிய மாதத்தைக் கொடுத்தார். தவணை முடிந்த பிறகுதான் உங்கள் வாழ்வு தொடங்கும் என்பதில்லை. ஆண்டவர் உங்களை இப்போதே சந்திக்க வருகிறார்.

செபிப்போம். காலங்களின் ஆண்டவரே, எகிப்தின் இருளில் உம் மக்களுக்கு விடுதலையின் முதல் மாதத்தைக் காட்டினீர். எங்கள் நாள்களையும் இரவுகளையும் உம் கையில் தருகிறோம். ஓய்வில்லாதவர்களுக்கு ஓய்வையும், கடனில் நெரிபடுவோருக்கு விடுதலையையும், எங்களுக்கு இரக்கமுள்ள உள்ளத்தையும் தாரும். உம் முதல் உடன்படிக்கையின் மக்களைக் காத்தருளும். வரவிருக்கும் முழுநிலவின் நாள்களில் உம் திருமகனின் பாஸ்காவை ஒரே குடும்பமாய்க் கொண்டாட எங்களைத் தகுதிப்படுத்தும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.